பதினோர் அழைப்புகள்

என் மேசைத் தொலைபேசியின் வலப்புற ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று உண்டு. அது சிவப்பாக எரிந்தால், எனக்கு வரும் அழைப்புக்கு மணி அடிக்காது. அழைத்தவர் மறுமுனையில் காத்துக்கொண்டிருப்பார். அந்த விளக்கை ஏற்றியவள் நான். அணைக்க மறந்தவளும் நான். மறந்ததால் நேர்ந்தது இன்னதென்று அறிந்த பின்னும் முப்பத்தெட்டு நாள் வாய் திறவாமல் இருந்தவளும் நான். எழுதினால் குற்றம் தீரும் என்பதற்காக இதை எழுதவில்லை. பிறர் எழுத்தில் பிழை கண்டு சிவப்பு மையால் சுழித்தே பழகிய கை, ஒருமுறையேனும் தன் பிழையை எழுதட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் செல்லும் சாலையில், இறாலைத் தோலுரித்துப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நான் அலுவலகப் பொறுப்பாளர். அதற்கு முன் சில ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். ஆதலால் மேலாளர் முதல் வாயில் காவலர் வரை அனைவருக்கும் நான் டீச்சர். 'முக்கியம்' என்று எவரேனும் எழுதினால் அடித்துவிட்டு 'இன்றியமையாதது' என்று எழுதுவேன். இதை அங்கிருந்தோர் குறும்பாகப் பேசிச் சிரித்ததுண்டு. எனக்கோ அதில் உள்ளூரப் பெருமை.

உரிக்கும் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வளையல், மோதிரம், பூ ஆகியவற்றோடு அதையும் வாயிலருகே உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தலையுறை அணிந்து, ரப்பர் காலணி மாட்டி, மருந்து கலந்த நீரில் கால் நனைத்துத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். நண்பகல் உணவும் உள்ளேயே. காலை எட்டு மணிக்குப் போகிறவள் மாலை ஐந்து மணிக்கு வெளியே வரும்வரை, வீட்டார் அவளை எட்ட வேண்டுமானால் அலுவலகத் தொலைபேசி ஒன்றே வழி. கூடத்தின் சுவரில் ஒரு தொலைபேசி மாட்டியிருந்தது. வெளியிலிருந்து யார் அழைத்தாலும் அங்கும் மணி அடிக்கும்; அருகில் நிற்பவள் ஈரக் கையோடு எடுத்து, வேண்டியவளின் பெயரைக் கூடம் அதிரக் கூவுவாள்.

அவ்வழைப்புகளில் பெரும்பாலானவை அற்பமானவை. "யம்மா, எங்க வீட்டுக்காரிட்ட பீரோ சாவி எங்கன வச்சான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார் ஒருவர். பள்ளிக்கூட வண்டி வரவில்லை என்று ஒரு மாமியார் அழைப்பார். ஒருநாள், வெளிநாட்டு வணிகர் ஒருவரோடு மேலாளர் பேசிக்கொண்டிருக்கையில் கூடத்தில் யாரோ அதே இணைப்பில் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். மேலாளர் வெளியே வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் டன் கணக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். நடுவுல ஒருத்தி வந்து, கோழியப் புடிச்சு அடைச்சியாடின்னு கேக்குறா. அந்தாளு, அது யாரு உங்க பார்ட்னரான்னு கேக்குறான். ஏதாச்சும் பண்ணுங்க."

அப்படித்தான் புதிய தொலைபேசி அமைப்பு வந்தது. அதைப் பொருத்த மதுரையிலிருந்து வந்தவர் நடுவயதினர், பொறுமைசாலி. ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எண். அந்த எண்ணை எல்லோரும் எக்ஸ்டென்ஷன் என்றார்கள். நான் உள்ளிணைப்பு என்று எழுதி ஒட்டினேன். யார் அழைத்தாலும் முதலில் ஒரு வரவேற்புக் குரல் ஒலிக்கும். விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு, கொள்முதலுக்கு மூன்று, பணியாளரோடு பேச நான்கு. ஓர் உள்ளிணைப்புக்கு வருவதை மற்றொன்றுக்குத் திருப்பலாம். யாரும் எடுக்காவிட்டால் இசை ஒலிக்கச் செய்து காத்திருக்க வைக்கலாம். தொந்தரவு வேண்டாவிடில் ஒரு பொத்தானை அழுத்தி மணியை அடக்கலாம். இவற்றையெல்லாம் கணினித் திரையில் மாற்றியமைக்கும் கடவுச்சொல்லை என்னிடம் மட்டுமே கொடுத்தார்.

கூடத்துச் சுவர்த் தொலைபேசிக்கு வெளியழைப்பு எதுவும் நேரே போகாதபடி செய்தேன். நான்கை அழுத்துபவர்கள் என் மேசைக்கு வருவார்கள். தேவை எதுவென்று கேட்டு, உண்மையிலேயே அவசரமானால் மட்டும் நான் உள்ளே சொல்லியனுப்புவேன். நான் எடுக்காவிட்டால் காத்திருக்கும்படி குரல் சொல்லும். இரண்டு நிமிடம் இசை ஒலிக்கும். பிறகு இணைப்பு அறுந்துவிடும்.

"கூடத்துக்கு வாரது பூரா உங்க ஒருத்தர் தலையிலயா மேடம்?" என்று அவர் கேட்டார். "நீங்க சீட்டுல இல்லேன்னா இன்னொரு போன்ல அடிக்கிற மாதிரி போட்டு விடவா?"

"வேண்டாம். நான் எங்க போகப்போறேன்?" என்றேன்.

அன்று அவர் காட்டிய வழியை ஏற்றிருந்தால் மேற்கொண்டு எழுத எனக்கு ஒன்றும் இருந்திராது.

கூடத்தில் உரிக்கும் பெண்களுள் ஒருத்தி என்னிடம் சற்று நெருக்கமாகப் பழகுவாள். திருப்பாலைக்குடியில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மண்டபத்தருகே வாழ்க்கைப்பட்டவள். கணவர் வளைகுடா நாட்டில் வண்டி ஓட்டுகிறார். தன் மகளின் பள்ளிக் கட்டுரைகளை என்னிடம் காட்டித் திருத்தி வாங்கிச் செல்வாள். பிறந்த வீட்டில் தாயும் மூத்த அண்ணனும் இருந்தார்கள். அண்ணனைக் காக்கா என்று அழைப்பது அவர்கள் வழக்கம். அவள் இறால் உரிக்கப் போவது அந்தக் காக்காவுக்குப் பெருங்குறை. எங்கள் நிறுவனத்தின் பெயரைக்கூட அவர் வாயால் சொல்லமாட்டார் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். "எவனாச்சும் கேட்டா, தங்கச்சி கம்பெனியில இருக்கான்னு மட்டும் சொல்வாரு. என்ன கம்பெனின்னு கேட்டா, அவருக்கு இருமல் வந்துரும்."

ஒரு காலை, பணிக்குள் நுழையும்முன் அவள் என் சன்னலருகே வந்து நின்றாள்.

"டீச்சர், உம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆபீசு நம்பருக்கு அடிக்கச் சொல்லி காக்காட்ட எழுதிக் குடுத்துருக்கேன். கொஞ்சம் காதுல வாங்கிச் சொல்லிருங்க."

"அப்ப லீவு போட்டுப் போகலாமே?"

"நேத்துத்தான் போயிட்டு வாரேன். மூணு நாளா இப்பிடியேதான் கெடக்குது. தெனம் போய் நின்னா, இன்னைக்கு வேலை இல்லையான்னு கேப்பாரு. இருக்குன்னாலும் குத்தம், இல்லேன்னாலும் குத்தம்."

"நீ போ. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்தச் சொற்களை இன்றும் என்னால் தயக்கமின்றி உச்சரிக்க முடிவதில்லை.

அன்றுதான் வரவேற்புக் குரலைப் பதிவு செய்வதென்று முடிவு செய்திருந்தேன். மதுரைக்காரர் பதிந்து வைத்திருந்த குரலில், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்றொரு வாக்கியம் இருந்தது. அது நாள்தோறும் என் காதில் நெருடியது. புதிதாக நான்கு வாக்கியங்கள் எழுதினேன். 'தயவுசெய்து' என்பதை நீக்கி 'அருள்கூர்ந்து' என்றேன். 'காத்திருக்கவும்' என்பதா, 'காத்திருங்கள்' என்பதா, 'காத்திருப்பீராக' என்பதா என்று அரைமணி நேரம் எண்ணினேன். பின்னர்க் கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மணி குறுக்கிடாதிருக்கத் தொலைபேசியின் பொத்தானை அழுத்திச் சிவப்பு விளக்கை ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தேன். ஒருமுறை ஐஸ் உடைக்கும் இயந்திரம் இரைந்தது. ஒருமுறை காக்கை கரைந்தது. ஒருமுறை ழகரம் நான் விரும்பியபடி அமையவில்லை. ஏழாவது முறையில் நிறைவு வந்தது. அதைக் கணினியில் ஏற்றினேன். மேலாளர் கேட்டுவிட்டு, "ரேடியோ ஸ்டேசன் மாதிரில்ல இருக்கு" என்றார். மகிழ்ச்சியோடு உணவுக்குப் போனேன்.

விளக்கை அணைக்கவில்லை. நினைவே இல்லை. பிற்பகல் முழுவதும் என் மேசை அமைதியாக இருந்தது. வீண் அழைப்புகள் ஒழிந்தன, என் ஏற்பாடு பயன் தந்தது என்றே எண்ணினேன்.

மாலை ஐந்து மணிக்கு மேல் வாயிலருகே ஓர் அலறல் கேட்டது. பெட்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்தவள், காக்கா மூன்று முறை அழைத்திருப்பதைக் கண்டு திரும்ப அழைத்திருக்கிறாள். காலை பத்து மணிக்கே தாய் இறந்துவிட்டார். அசர் தொழுகைக்குப் பின், அதாவது நான்கரை மணியளவில், மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கமும் செய்துவிட்டார்கள். அவர்களிடையே பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை; வீட்டிலிருந்து எடுக்கும்முன் முகம் பார்த்தால்தான் உண்டு. பத்தரைக்குச் சொல்லியிருந்தால், இராமநாதபுரத்தில் வண்டி மாறினாலும் ஒன்றரைக்குள் போய்ச் சேர்ந்திருப்பாள்.

காலில் ரப்பர் காலணியோடு சன்னலுக்கு ஓடிவந்தாள்.

"டீச்சர், போன் வந்துச்சா? எங்க காக்கா அடிச்சாரா?"

"இல்லையே, ஒண்ணும் வரலையே" என்றேன்.

அப்போது நான் பொய் சொல்லவில்லை. எனக்கு மணி கேட்கவில்லை. வரவில்லை என்றுதான் நம்பினேன். அவளுடன் வேலை செய்யும் இருவர் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சென்றார்கள்.

மறுநாட்காலை இருக்கையில் அமர்ந்ததும் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. கணினியைத் திறந்து முந்தைய நாள் அழைப்புப் பதிவைப் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து பதினோர் அழைப்புகள். முதலாவது பத்தேகாலுக்கு. கடைசி, மூன்றே முக்காலுக்கு. ஒவ்வொன்றும் முழு இரண்டு நிமிடம். இசை முடிந்து இணைப்பு தானாக அறும்வரை அவர் ஒருமுறைகூட வைக்கவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவே கூசுகிற மனிதர், பந்தலில் ஊரார் நடுவே நின்று, அந்தப் பெயரைச் சொல்லி வரவேற்கும் குரலைப் பதினோரு முறை கேட்டிருக்கிறார். நண்பகலுக்குப் பின் அவர் கேட்டது என் குரல்.

அப்போதே எழுந்து போய் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விளக்கை அணைத்தேன். திரையை மூடினேன். அவள் துக்கம் கழிந்து வரட்டும், அவளிடமே முதலில் சொல்வோம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளுக்குப் பின் வந்தாள், முகம் வற்றியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடங்கினாள்.

"என்ன சொல்றாரு தெரியுமா டீச்சர்? ஆபீசுக்குப் பத்துவாட்டிக்கு மேல அடிச்சாராம். யாரோ பொம்பள, பொறுங்க பொறுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம், பாட்டுப் போட்டாகளாம். எப்பேர்ப்பட்ட பொய்யி! அடிச்சிருந்தா நீங்க எடுத்துருக்க மாட்டீகளா? என் போனு பெட்டிக்குள்ள கெடக்கும்னு தெரிஞ்சே, பேருக்கு மூணு தடவ அதுல அடிச்சிட்டு, நம்பரக் காட்டுறாரு. இறா கம்பெனிக்குப் போன் பண்ணி எந்தங்கச்சியக் கூப்பிடுங்கன்னு நாலு பேரு முன்னால சொல்றதுக்கு வெக்கம். அதான் சங்கதி."

"அப்பிடி இருக்காதும்மா" என்றேன்.

"நீங்களே சொன்னீகள்ல, ஒண்ணும் வரலைன்னு? அவரு மூஞ்சியிலயே சொல்லிட்டேன், டீச்சர் பொய் சொல்லாதுன்னு."

அன்று மாலை சன்னலருகே நான் சொன்ன விடை, சொன்னபோது பொய்யாக இருக்கவில்லை. இப்போது பொய்யாயிற்று. அதைத் திருத்த அந்நேரம் ஒரு வாக்கியம் போதும். பிறர் வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் திருத்தியவளுக்கு அது வரவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். எதற்காக அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் என் மேசையை விட்டு நகராதிருந்தேன். நான்கில் வரும் ஒவ்வோர் அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்தேன். சாவியைத் தேடுகிறவர்களுக்கும், கோழியைத் தேடுகிறவர்களுக்கும், நானே கூடத்து வாசல்வரை ஓடிச் சேதி சொன்னேன். "டீச்சருக்கு என்னாச்சு, இப்பிடிப் பறக்குது?" என்று உள்ளே சிரித்தார்கள். அந்த ஓட்டத்தையே தண்டனையாக எண்ணித் தேற்றிக்கொண்டேன். இழந்தவளுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்பதை நினைக்க மறுத்தேன்.

முப்பத்தேழாம் நாள், மேற்பார்வையாளரிடம் அவள் பேசுவது காதில் விழுந்தது. தாய்க்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு விடுப்பு வேண்டுமா என்று அவர் கேட்டார்.

"போகல சார். அந்த வீட்டுப் படியே இனி மிதிக்க மாட்டேன். உம்மாவும் இல்ல, இனி யாரு இருக்கா எனக்கு அங்கன?"

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அவள் தாயின் முகத்தை அவளிடமிருந்து பறித்தது மறதி. அவள் அண்ணனையும் பறித்துக்கொண்டிருப்பது மறதியன்று.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "விடுங்க டீச்சர், நடந்தது நடந்துபோச்சு. இத இப்பப் போயிச் சொல்லி என்ன ஆகப்போகுது? கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு" என்றார். சில நாள்களுக்கு முன்னர் அந்தச் சொற்கள் கிடைத்திருந்தால் பற்றிக்கொண்டிருப்பேன். பதிவை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு வாயிலில் போய் நின்றேன்.

அவள் பெட்டியிலிருந்து வளையலை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். எண்ணைக் கண்டதும் விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். வெந்நீரும் பனிக்கட்டியும் மாறி மாறிப் பட்டு வெளுத்துச் சுருங்கிய விரல்.

"இது எங்க காக்கா நம்பரு."

"ஆமா. அன்னைக்கு அவர் அடிச்சதெல்லாம் இதுல இருக்கு. என் போன்ல மணியை நிறுத்தி வச்சிட்டு மறந்துட்டேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பொம்பளக் குரல் என் குரல்தான்."

அவள் மறுபடியும் எண்ணினாள்.

"பதினொண்ணு" என்றாள். பிறகு தலைநிமிர்ந்து, "இத எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அதற்கு நான் ஒரு விடையை ஆயத்தம் செய்யவில்லை. செய்திருந்தால் அதையும் அழகாகச் செய்திருப்பேன்.

"மறுநாள் காலையில."

"மறுநாளா?"

"ஆமா."

"நான் வந்து ஒங்ககிட்ட அவரத் திட்டும்போது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் என்னைத் திட்டவில்லை. அவள் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். நான் விலகிப்போகத் திரும்பினேன். மறுமுனையில் எடுத்தவுடன் அவள், "காக்கா" என்றாள். அடுத்த சொல்லுக்குள் அழுதுவிட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் உரக்க ஒலித்ததால் எனக்கும் கேட்டது.

"யாரு? ஏ, என்னலா, என்ன ஆச்சு? புள்ள நல்லா இருக்கா?"

"பதினோருவாட்டி அடிச்சிருக்கியே காக்கா."

மறுமுனையில் ஓர் இருமல் கேட்டது.

"அதான் சொன்னேன்ல" என்றது அந்தக் குரல். "சரி சரி, அழுவாத. ரோட்டுல நின்னு அழுவுறியா? கம்பெனி வாசல்லயா? நாளான்னைக்கு வெள்ளன வந்துரு. ஒனக்குச் சோறு வச்சிட்டுத்தான் மத்தவுகளுக்குத் தட்டு எடுப்போம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். என்னால் முடிந்த எளிய சொல்லையே சொன்னேன். "என்னை மன்னிச்சிரும்மா."

"அதெல்லாம் பொறவு பாப்போம் டீச்சர்" என்றாள். குரலில் சினம் இல்லை, களைப்பு இருந்தது. "போன மறந்தத விடுங்க, நானும்தான் அடுப்ப அணைக்காம வந்துருக்கேன். இத்தன நாளு பேசாம இருந்தீகள்ல, அதத்தான் எங்கன கொண்டுபோயி வக்கிறதுன்னு தெரியல." பிறகு, கூடத்துக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த இரண்டாம் ஷிப்டுப் பெண்களைப் பார்த்தபடி கேட்டாள்: "அந்த லைன மாத்திட்டீகளா? இப்ப இவளுக உள்ள போறாளுகளே, இவளுக வீட்டுல இருந்து அடிச்சா எங்க போகும்?"

"என் மேசைக்கு" என்றேன்.

"நீங்க இப்ப இங்கன நிக்கிறீக."

அவள் பேருந்துக்குப் போய்விட்டாள். நான் அலுவலகத்துக்கு ஓடினேன். இத்தனை நாளும் அந்த அமைப்பை மாற்றாமல் வைத்திருந்ததற்கு, மாற்றினால் ஏன் என்று மேலாளர் கேட்பார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கடவுச்சொல்லைத் தட்டி, நான்கில் வருவதைக் கூடத்துச் சுவர்த் தொலைபேசிக்கே திருப்பினேன். அங்கு எடுக்காவிட்டால் மேற்பார்வையாளருக்கும், அவரும் எடுக்காவிட்டால் வாயில் காவலருக்கும் போகும்படி அமைத்தேன். மூன்று கட்டங்களில் மூன்று எண்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, என் கைப்பேசியிலிருந்து அலுவலக எண்ணை அழைத்து நான்கை அழுத்தினேன். இரண்டு மணி அடித்ததும் யாரோ எடுத்தார்கள்.

"அலோ, யாரு வேணும்? சத்தமாச் சொல்லுங்க, இங்கன மிசினு ஓடுது."

"யாரும் வேணாம்மா. மணி அடிக்குதான்னு பாத்தேன்."

"அடிக்குது, அடிக்குது. வச்சிருங்க, கையெல்லாம் ஈரம்" என்று சொல்லி வைத்துவிட்டாள் அவள்.